பத்திரமாக வைத்த துவக்கு

நான் வேட்டைக்காரன் இல்லை. என் ஆயுளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெக்டரியில் 1964ஆம் ஆண்டு, பதினேழு வயதில், மெக்கானிக்குக்குக் கையாளாகச் சேர்ந்தேன். ரோலரும் ட்ரையரும்தான் எனக்குச் சோறு போட்டவை. ஆனால் தோட்டத்தில் இரும்பால் ஆனது எது கெட்டாலும் பெக்டரி மெக்கானிக்கின் தலையில்தான் வந்து விழும். ஐயாமாரின் தையல் மெஷின், கோயில் மணியின் நாக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலின் சக்கரம். துரையின் துவக்கும் அந்த வரிசையில்தான் வந்தது. பிறகு பக்கத்துத் தோட்டத் துரைமார், கண்டக்டர் ஐயாமார், வாச்சர்கள் என்று நாற்பது வருடத்தில் எத்தனையோ துவக்குகளின் துருவைத் துடைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தார் அதைக் கறள் என்பார்கள். பெயர் எதுவானாலும் இரும்பைத் தின்பது ஒன்றுதான்.

முதல் துவக்கு வந்தது அந்த வருடக் கடைசியில். பங்களா வராந்தாவில், துரையின் கண்முன்னால் உட்கார்ந்துதான் துடைக்க வேண்டும். பேர்மிங்ஹாமில் செய்த பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். கூடத்துச் சுவரில் இரண்டு மான்கொம்புகளின் மேல் அழகாக மாட்டியிருந்தார்கள். வெளிப்பார்வைக்குக் குறையே இல்லை. இறக்கித் திருப்பினால், சுவரைப் பார்த்திருந்த பக்கம் முழுக்கச் செம்மண் தூவியது போலத் துரு. பங்களாவில் வேலைபார்த்த அப்பு வாரந்தவறாமல் துடைத்தது உண்மைதான். கைக்கு எட்டிய முன்பக்கத்தை மட்டும் துடைத்திருக்கிறார்.

அன்று மாலை எங்கள் டீ மேக்கரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என்னை ரோலிங் ரூமுக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் சும்மா இருக்கும். மற்றதில் ஈரத் துணி சுற்றியிருக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணிக் குமிழ் குளிர்ந்து, இரண்டுக்கும் இடைவெளி விரியும். காற்று நனைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். "கொழுந்துக்குப் பார்க்கிறதையே துவக்குக்கும் பாருடா தம்பி" என்றார்.

நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். ஓகஸ்ட் மாதக் கச்சான் காற்றில் அந்த இடைவெளி நன்றாக விரியும். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுவது அந்தக் காலத்தில்தான். துவக்குக்கும் அதுதான் நல்ல காலம். ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கினால் ஜனவரி வரை இடைவெளி இருக்காது. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்பு துருப்பிடிப்பது வேகம் எடுத்துவிடும். எங்கள் டிசம்பரில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பங்களாவின் வெளிச்சுவர் கருங்கல். மழைக்காலத்தில் அது வியர்க்கும். துவக்கை மான்கொம்பிலிருந்து இறக்கி, கணப்பு அடுப்புக்குப் பின்புறமிருந்த உள்சுவர் அல்மிராவுக்கு மாற்றச் சொன்னேன். பதினேழு வயதுப் பையன் சொல்கிறானே என்று துரை பார்த்தார். ஆனால் மாற்றினார்.

தொழிலின் அடுத்த பாடம் தியத்தலாவையில் கிடைத்தது. போயர் யுத்தக் கைதிகளை 1900ஆம் ஆண்டு கொண்டுவந்து அடைத்த காலத்திலிருந்தே அது பட்டாள ஊர். அங்கே ஆயுதக் களஞ்சியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள மனிதர் பண்டாரவளைப் பாதையில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். நான் மாத்தையா என்பேன், அவர் என்னை மல்லி என்பார். ஒருநாள் ஒரு பழைய 303 றைபிளைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் ஒயில் விட்டுத்தான் வைக்கிறார்கள், ஆனாலும் குழலுக்குள் துரு வருகிறது என்றேன். அவர் ஒயில் போத்தலைத் தொடவில்லை. அடுப்பில் கேத்தலை வைத்தார்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைப் புனலால் குழலுக்குள் ஊற்றினார். எனக்குப் பகீரென்றது. துருவுக்குத் தண்ணீரா? அந்தக் காலத்துத் தோட்டாவின் தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்த பிறகு குழலில் மிஞ்சுவது ஒருவகை உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒயிலில் உப்பு கரையாது. ஒயிலைப் பூசினால் உப்பை மூடிவைத்ததாகத்தான் ஆகும். தண்ணீரில்தான் கரையும். கொதிநீர் என்றால் குழலும் சூடேறித் தானே காய்ந்துவிடும். அதன் பிறகு கயிற்றில் கோத்த துணியை இழுத்துத் துடைத்து, கடைசியாகத்தான் ஒயில். "முதலில் கழுவு, பிறகு காயவை, பிறகு பூசு. வரிசை மாறினால் நீ துருவைத்தான் பத்திரப்படுத்துகிறாய், மல்லி" என்றார்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். பழைய ஆங்கிலக் குழல்களின் அந்தக் கருநீல நிறம் எப்படி வருகிறது? அதுவும் துருதான் என்றார். வேண்டுமென்றே மெல்லத் துருப்பிடிக்கவிட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்தால் சிவப்புத் துரு கறுப்பாக மாறும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி துருப்பிடிக்கவிடுவது. இப்படிப் பல தடவை. அந்தக் கறுப்புத் தோல் ஒயிலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரும்பை ஓரளவு காக்கும். இதைக் கேட்ட பிறகு எமரித் தாளைக் கையிலெடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். துரு தெரிகிறதென்று எமரி போட்டுக் குழலை வெள்ளிபோல மினுக்கிக்கொண்டு வருவார்கள். அடுத்த மழைக்கு அது அப்படியே சிவந்துவிடும். மேல்துருவுக்கு ஒயிலில் நனைத்த மெல்லிய உருக்குப் பஞ்சு போதும். பொறுமையாக, வலிக்காமல் தேய்க்க வேண்டும்.

துவக்கின் பெரிய எதிரி வருடக் கடைசியில் வரும் கச்சேரிப் பயணம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி லைசனை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். வருடக் கடைசி என்றால் எங்கள் ஊரில் அடைமழை. சாக்கில் சுற்றிய துவக்கோடு பதுளைக்கு பஸ் ஏறுவோம். புனித மார்க் தேவாலயத்தைக் கடக்கும்போது கூட வரும் தோட்டத்துக் கண்டக்டர் ஐயா தவறாமல் மேஜர் ரொஜர்ஸ் கதையைத் தொடங்குவார். பதுளையில் அதிகாரியாக இருந்தவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து செத்தவர். அந்தத் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டியது. "எத்தனை துவக்கு இருந்தும் இடிக்கு என்ன செய்ய?" என்று முடிப்பார். என் கவலையெல்லாம் சாக்குக்குள் ஊறிக்கொண்டிருந்த துவக்கைப் பற்றி. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைச் சாக்கிலிருந்து எடுத்து அறைச் சூட்டில் ஒரு மணிநேரம் விடுவது. நனைந்த சாக்கோடு அல்மிராவில் வைத்த துவக்கு ஒன்று ஒரே இரவில் புள்ளிபோட்டதைக் கண்டிருக்கிறேன்.

அந்தப் பயணங்களில் ஒரு விஷயம் மனதைக் குத்தும். துவக்குக்கு இலக்கம் இருந்தது, கடதாசி இருந்தது, வருடாவருடம் முத்திரையும் விழுந்தது. அதைச் சுமந்துபோன எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கிய பிறகு பிறந்த கூட்டமல்ல நான், அதற்கு ஒரு வருடம் முன்னால் பிறந்தவன். இருந்தும் அந்த வரிசையில்தான் நின்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. துவக்கைத் துடைக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

1971 ஏப்ரல் 5ஆம் தேதி விடியற்காலை வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. ஜே.வி.பி. கிளர்ச்சிக்காரர்களின் தாக்குதல் நாடெங்கும் அன்றிரவு தொடங்குவதாக இருந்தது. எங்கள் ஊவாவில் மட்டும் முந்திக்கொண்டது. வீடுகளிலிருந்து எடுத்துப்போன ஷாட்கன்களும் அந்தக் கிளர்ச்சியில் ஆயுதமாயின. அதன் பிறகு எங்கள் சுற்றுவட்டாரத் துவக்குகள் ஒவ்வொன்றாகப் பாதுகாப்புக்கென்று ஒப்படைக்கப்பட்டன. எங்கள் தோட்டத்து இரட்டைக்குழலும் போனது. அவசரத்தில் ஒரு துணியால்கூடத் துடைக்கவில்லை.

வருடம் ஒன்றுக்கு மேல் கழித்துத்தான் திரும்பி வந்தது. எந்தப் பொலிஸ் நிலையத்திலிருந்து என்பது இங்கே வேண்டாம். அங்கே வேலைபார்த்தவர்களும் அதே ஒழுகும் கூரையின் கீழ்தான் இருந்தார்கள். துவக்குகளைச் சீமெந்துத் தரையில் பிடங்கை ஊன்றி, ஒன்றோடொன்று சாய்த்து வைத்திருந்தார்கள். சீமெந்திலிருந்து ஏறிய ஈரத்தில் கட்டை உப்பி, வெடிப்பு விட்டிருந்தது. குழலும் குழலும் உரசிய இடத்தில் குழி. இலக்கத் துண்டைக் கட்டிய கம்பியின் சுற்றுக்குக் கீழே, மோதிரம் போட்டதுபோல, ஆழமான துரு. மற்ற இடமெல்லாம் தேவலை. இரும்பு எங்கெல்லாம் வேறொரு பொருளைத் தொட்டுக்கொண்டு இருந்ததோ அங்கெல்லாம் ஈரம் தங்கியிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், இரண்டாவது கிளர்ச்சியின்போது, மறுபடி ஒப்படைக்கும் நேரம் வந்தது. இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். போய்ப் பார்க்க முடியாத துவக்குக்கு மெல்லிய ஒயில் போதாது, அது சில வாரங்களில் வடிந்தும் காய்ந்தும் போகும். முழுவதும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சூடேற்றி, அந்தச் சூட்டோடு வாசலின் பூசினேன். பட்டாளத்திலும் நீண்டநாள் களஞ்சியத்துக்கு இந்த மாதிரித் தாதுக் களிம்புதான் என்று மாத்தையா சொல்லியிருந்தார். பூசும்போது வெறும் விரல் படக்கூடாது. துண்டைக் கட்டும் இடத்தில் மெழுகுத்தாள் சுற்றி, கம்பிக்குப் பதிலாக நூலால் கட்டினேன். சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது களிம்பு பழுப்பேறிப் பிசினாகி இருந்தது. வழித்தெடுத்தால் உள்ளே இரும்பு நான் வைத்தபடியே இருந்தது. என் வேலை வாழ்க்கையில் நான் பெருமைப்படும் நாட்களில் அதுவும் ஒன்று.

வெறும் விரல் என்றேன். அதற்கொரு கதை உண்டு. 1975ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. வெள்ளைக்காரத் துரைமாரில் கடைசியாக மிஞ்சியவர்களும் மூட்டை கட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்துத் துரை தன் துவக்கை அடுத்து வாங்கியவர் கையில் கொடுக்கும்வரை பங்களாவில் விட்டுப்போனார். தோல் பெட்டி, உள்ளே சிவப்புக் கம்பளித் துணி, பித்தளைப் பூட்டு. மழைக்காலம் முழுக்க யாரும் திறக்கவில்லை. பெப்ரவரியில் புதிய சொந்தக்காரர் என்னைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினார். குழலின் மேல் நான்கு விரலும் ஒரு பெருவிரலும் துருவால் எழுதியிருந்தன. கடைசியாக அதை எடுத்து உள்ளே வைத்தவரின் பிடி. வியர்வையில் இருக்கும் உப்பு அப்படியே பதிந்து, தோலும் கம்பளியும் உறிஞ்சிவைத்த ஈரத்தில் மூன்று மாதம் ஊறியிருக்கிறது. தோல் பெட்டி பயணத்துக்குத்தான். அதில் துவக்கைத் தங்கவைத்தால் அது ஈரத்துணியில் சுற்றியது மாதிரித்தான். பிடித்தவர் கடல்கடந்து போய்விட்டார். அவர் பிடியை நான் இரண்டு நாள் உட்கார்ந்து அழித்தேன். முழுதாக அழியவில்லை.

வாச்சர்மார் வைத்திருந்த ஒற்றைக்குழல்களுக்கு வந்த வினை வேறு. அவர்களில் ஒருவர் தேங்காய் எண்ணெய் தவிர எதையும் நம்பமாட்டார். "தலைக்கு நல்லது, துவக்குக்குக் கெட்டதா?" என்பார். பதுளை டவுனில் அது ஓடும். எங்கள் மலையில் விடியற்காலைக் குளிருக்கு உறைந்துவிடும், 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் கட்டிதானே. ஒரு விடியற்காலை மரவள்ளித் தோட்டத்தில் பன்றி நின்றபோது விசையை இழுத்தார். உள்ளே சுத்தியல் மெழுகுக்குள் மாட்டியது போல அசைந்து, படாமல் நின்றது. பன்றி கிழங்கைத் தின்று முடித்துவிட்டுப் போனது. பட்டறையில் திறந்தால் பழைய எண்ணெய் சிக்குப்பிடித்து மஞ்சள் பிசினாகி, அதன் அடியில் துரு. சமையல் எண்ணெய் காலப்போக்கில் கெட்டு அமிலமாகும். அதற்குப் பிறகு அவர் தையல் மெஷின் ஒயிலுக்கு மாறினார். ஆனால் தலைக்கு வைத்துவிட்டு அதே கையோடு துவக்கைத் தொடும் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

கண்டக்டர் ஐயா ஒருவருக்கு வெல்லவாயப் பக்கம் வயல் இருந்தது. அப்புத்தளையில் ஆயிரத்து நானூறு மீற்றர் உயரத்துக் குளிரில் இரவெல்லாம் கிடந்த துவக்கை விடியற்காலையில் ஜீப்பில் போட்டு, கொஸ்லந்தை வழியாக இறங்குவார். கீழே சூடான, ஈரமான காற்று. துவக்கு சோடாப் போத்தல் மாதிரி வியர்க்கும். அவர் வெளியே துடைப்பார். குழலுக்குள்ளும் பூட்டுக்குள்ளும் வியர்த்ததை யார் துடைப்பது? துணி சுற்றியபடியே வைத்து, துவக்கு கீழ்நாட்டுச் சூட்டுக்கு வந்த பிறகே அவிழ்க்கச் சொன்னேன். அதோடு அந்தத் தொல்லை நின்றது.

பொலித்தீன் வந்த காலத்தில் எல்லோரும் அதைக் கண்கண்ட தெய்வமாக எடுத்துக்கொண்டார்கள். மழை புகாது அல்லவா? டிசம்பர் மாதத்தில் சுற்றி, நுனியை மெழுகுதிரியால் ஒட்டி, அல்மிராவுக்கு மேலே வைத்துவிடுவார்கள். மழை புகாதுதான். ஆனால் சுற்றிய அன்று காற்றில் இருந்த டிசம்பரையும் சேர்த்துத்தான் உள்ளே அடைக்கிறோம். இரவுக் குளிரில் அந்த ஈரம் இரும்பில் முத்துமுத்தாக இறங்கும்.

இதற்கு மாற்றாக நானே ஒரு கூத்து அடித்தேன். ட்ரையரிலிருந்து வரும் தேயிலையில் ஈரம் 3 சதவீதம் அளவில்தான் இருக்கும். திறந்துவைத்தால் காற்றின் ஈரத்தை அள்ளிக் குடிக்கும். தேயிலையைக் கெடுக்கும் இந்தக் குணம் துவக்கைக் காப்பாற்றட்டுமே என்று, சூடு ஆறாத டஸ்ட் தேயிலை ஒரு றாத்தலைத் துணிப்பையில் கட்டித் துவக்குப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு வாரம் பிரமாதம். பிறகு தேயிலை குடிக்கிற அளவைக் குடித்துவிட்டு, நனைந்த துணிபோல உள்ளேயே இருந்தது. டீ மேக்கர் கேள்விப்பட்டு, "பன்றி சுட்டால் டீ வாசம் வருமே" என்று பெக்டரி முழுக்கச் சொல்லிவைத்தார். பிற்பாடு நீல நிறச் சிலிக்கா மணிகள் கிடைத்தன. ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். நல்ல பொருள். ஆனால் என் டஸ்ட் பை சொன்ன பாடம் அதற்கும் பொருந்தும். நிறம் மாறியதா என்று யாராவது திறந்து பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாகி ஒரு வருடமாகக் கிடந்த மணிகளோடு துருப்பிடித்த துவக்கு இரண்டு என் கைக்கு வந்தன.

சொல்ல நாக்கூசுகிற ஒன்றும் உண்டு. குழலுக்குள் பூச்சி, ஈரம் போகாமலிருக்க வாயில் எண்ணெய்த் துணியை அடைப்பது அந்தக் காலத்து வழக்கம். நானும் அடைத்திருக்கிறேன். அடுத்த தோட்டத்தில் அப்படி அடைத்த துணியை எடுக்க மறந்து ஒருவர் சுட்டார். குழல் வாழைப்பூ மாதிரி விரிந்தது. ஆள் பிழைத்தார், இடது கையில் இரண்டு விரல் போனது. அன்றிலிருந்து நான் எந்தக் குழலையும் அடைப்பதில்லை. துவக்கைக் கையில் வாங்கியதும் திறந்து, தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து மறுமுனை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

1992ஆம் ஆண்டு தோட்டங்கள் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பங்களாச் சுவர்களில் இப்போது மான்கொம்பும் இல்லை, துவக்கும் அருமை. பன்றியும் குரங்கும் மட்டும் குறையவில்லை. இன்றும் யாராவது தாத்தாவின் துவக்கை, லைசனையும் கொண்டுவந்து காட்டிவிட்டு, எப்படி வைப்பது என்று கேட்பார்கள். என் பதில் சின்னது. உள்சுவர் அலுமாரி. தோலும் கம்பளியும் வேண்டாம். குழல் வாய் கீழே இருக்கட்டும், அப்போதுதான் ஒயில் வடிந்து கட்டைக்குள் ஊறி அதை மெத்தென்று ஆக்காது. கட்டைக்கும் இரும்புக்கும் இடையில் இருக்கும் இடத்தைக் கழற்றிப் பார். ஒயில் மெல்லியதாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை, கச்சானில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார். தினமும் எடுத்துப் புழங்கிய வாச்சர்களின் கட்டைத் துவக்குகளில் நான் துருவைக் கண்டது குறைவு. ஆசைப்பட்டு, பூட்டி, சுற்றி, ஒளித்துவைத்தவைதான் என்னிடம் அழுதுகொண்டு வந்தன.

2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எனக்கும் ஒரு கடதாசி கிடைத்தது. ஐம்பத்தாறு வயதில், இந்த நாட்டுப் பிரஜை என்று. எதை எப்படி வைத்தால் கெடாது என்று ஊருக்கே சொன்ன ஆள் அல்லவா? விண்ணப்பப் பிரதிகளையும் அதையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தி, பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே வைத்தேன். அது ஒரு டிசம்பர் மாதம்.

போன வருடம் பேரன் ஏதோ தேவைக்குக் கேட்டான். எடுத்துப் பிரித்தேன். கடதாசிக்கு ஒன்றுமில்லை, எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. மேல் மூலையில் மட்டும் குண்டூசி இருந்த இடத்தில், ஊசியின் நீளத்துக்கு, ஒரு செம்மண் கோடு. இருபது வருடமாக நான் ஒரு தடவையும் திறந்து பார்க்கவில்லை. ஊசியை மெதுவாக உருவி எடுத்தேன். என் விரலிலும் அந்தச் சிவப்பு ஒட்டியது. பேரன் கேட்டான், "என்ன தாத்தா இது?"

"கறள்" என்றேன்.